முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு

இல்ல தாயி, ஜன்னலோரம் நீயே இரு. நான் இந்த ஓரத்துலயே இருக்கேன். பெரியாஸ்பத்திரி ஸ்டாப் வந்தா சட்டுனு எறங்கணும்லா. முந்தாநாளும் இப்பிடித்தான் ஓரத்துல இருந்தேன், எறங்கல. நேத்தும் எறங்கல. கடைசி ஸ்டாப் வரைக்கும் போயி, அதே பஸ்ஸுல திரும்பி வீட்டுக்குப் போயிட்டேன். பொம்பளையளுக்குத்தான் டிக்கெட்டுக்குக் காசு கெடையாதே, கண்டக்டர் என்ன கேக்கப் போறாரு. ஆனா நேத்து ஒரு மாதிரியாப் பாத்தாரு.

நீயும் ஆஸ்பத்திரிக்கா? தூக்குவாளியப் பாத்ததும் நெனச்சேன். தங்கச்சிக்கா? பிரசவமா? என்ன புள்ள? நல்லாருக்கட்டும். கஞ்சி தளும்பாமப் புடிச்சுக்கோ, இந்த டிரைவரு பள்ளம் பாத்து ஓட்டமாட்டாரு.

எனக்கு அங்க எலும்பு வார்டு. எஸ்தருன்னு ஒருத்தி. சொந்தம் இல்ல, எங்கூட அளத்துல உப்பு வாருறவ. ஒம்பது நாளாப் படுத்துருக்கா, தொடையில ரெண்டு எடத்துல முறிவு. அளத்துலருந்து எல்லாரும் போய்ப் பாத்துட்டு வந்துட்டாளுவ. நான் ஒருத்திதான் போகல. கனியக்காவாலதான் எஸ்தருக்கு இப்பிடி ஆச்சுன்னு வேற என்னப் பத்திப் பேசுதாளுவ. எம் மூஞ்சிக்கு நேராச் சொன்னா பதில் சொல்லிருவேன், சொல்ல மாட்டாளுவ. நான் என்ன செஞ்சேன்? நீ மூணாவது மனுஷி, நீ சொல்லு. ஆஸ்பத்திரிக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கு. முழுசாக் கேட்டுட்டுச் சொல்லு.

இந்தப் பைக்குள்ளயா? ஒண்ணுமில்ல, லைட்டு. சைக்கிள் லைட்டு. அதுலருந்துதான் எல்லாம் வந்துச்சு.

எங்க வேலைக்கு விடியுறதுக்கு முன்னாலயே போயாகணும் கேட்டியா. வெயிலு ஏறிட்டா பாத்தியில நிக்க முடியாது. மேலருந்து ஒரு வெயிலு, கீழ உப்புலருந்து ஒரு வெயிலு, கண்ணு அவிஞ்சிரும். அதனால நாலே முக்காலுக்கெல்லாம் கணக்கப்பிள்ளை பேர் எழுத உக்காந்துருவாரு. அஞ்சு மணிக்கு நோட்ட மூடிருவாரு. அதுக்குப் பெறவு அழுதாலும் பேர் ஏறாது, திரும்பி வீட்டுக்குத்தான் போகணும். முந்தியெல்லாம் அளத்து வேனு வந்து ஏத்திட்டுப் போகும். இந்த வருசம் மாசியில வேலை தொடங்கும்போது வேனு கெடையாது, அவங்கவங்க வந்துக்கோங்கன்னுட்டாங்க.

எம் மக இந்துமதிக்கு பள்ளிக்கூடத்துல குடுத்த சைக்கிள் வீட்டுல சும்மா நின்னுச்சு. அவ இப்ப ஜவுளிக்கடை வேலைக்கு பஸ்ஸுல போறா. எஸ்தரு மூத்த மகளுக்கும் அதே மாதிரி ஒரு சைக்கிள். சரி, ரெண்டு பேரும் சேந்து மிதிச்சுப் போயிருவோம்னு முடிவு பண்ணினோம். ஏழு கிலோமீட்டரு. நாலு கிலோமீட்டரு அளத்து மண்ரோடு, அங்க பயமில்ல. அதுக்கு முந்தி மூணு கிலோமீட்டரு மெயின் ரோடு. அகலப்படுத்துறோம்னு ஓரத்தையெல்லாம் தோண்டிப் போட்டு, தெருவிளக்கையும் புடுங்கியாச்சு. காலங்காத்தால நாலு மணிக்கு அந்த ரோட்டுல லாரியத் தவுர ஒரு ஈ காக்கா இருக்காது. லைட்டு இல்லாமப் போக முடியுமா? முடியாது.

லைட்டு வாங்குற விசயத்துல என்ன ஒருத்தரும் கொற சொல்ல முடியாது. மூணு கடை ஏறினேன். மொதக் கடையில டைனமோ காட்டினாங்க, டயர்ல ஒரசி எரியுதே அது. வெல கொறச்சல்தான். ஆனா வேகமா மிதிச்சாத்தான் வெளிச்சம். பள்ளத்துல மெதுவாப் போனா அணைஞ்சிரும். பள்ளத்துலதான வெளிச்சம் வேணும்? போதாததுக்கு உப்புக்காத்து. எங்க அளத்துல தொங்குற பூட்டே மூணு மாசம் தாங்காது, டைனமோ எங்கிட்டுத் தாங்கும். ரெண்டாவது கடையில நெத்தியில மாட்டுற லைட்டு. திரும்புன பக்கமெல்லாம் வெளிச்சம் வந்துச்சு, நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நாங்க தலையில துண்டு கட்டுவோம். அதுக்கு மேல அந்த ரப்பர் வாரையும் மாட்டினா மண்ட வலிக்கும்.

மூணாவது கடையிலதான் இது. ஹேண்டில்பார்ல மாட்டுறது, வெள்ளை வெளிச்சம், போனு வயருலயே சார்ஜ் போட்டுக்கலாம். எரநூறு ரூவாயிலயும் ஒண்ணு இருந்துச்சு. நகத்த வச்சு நெம்பிப் பாத்தேன், மூடி கழண்டு வந்துட்டு. தண்ணி ஒரு சொட்டு போனா முடிஞ்சுது கதை. ஐநூறுக்கும் ஒண்ணு இருந்துச்சு. அது எதுக்க வாறவங்க கண்ணக் குத்துற வெளிச்சம், நமக்கு எதுக்கு? இது முந்நூத்தம்பது. கடை ஷட்டர பாதி எறக்கச் சொல்லி, இருட்டுல எரியவிட்டுப் பாத்துட்டுத்தான் வாங்கினேன். கடைக்காரரு சிரிச்சாரு. சிரிச்சிட்டுப் போறாரு. காசு என் காசு.

அப்பதான் அவரு சொன்னாரு, பின்னால மாட்ட இந்தச் செவப்பு லைட்டும் எடுத்துக்கோங்கம்மா, தொண்ணூறு ரூவாதான்னு. நான் கேட்டேன், "அண்ணாச்சி, நான் போறது முன்னால. பின்னால எனக்கு என்ன சோலி?" அப்பிடித்தான் கேட்டேன். கடையில நின்ன வேற ரெண்டு பேரு சிரிச்சாங்க.

எஸ்தரும் அப்ப எங்கூடத்தான் நின்னா. அவ என்ன பண்ணினா தெரியுமா? அந்தச் செவப்பக் கையில வாங்கி, அமுக்கி அமுக்கி, மினுங்குறதப் பாத்துக்கிட்டே நின்னா. பெறவு முந்தானைய அவுத்து தொண்ணூறு ரூவாயக் குடுத்து அத வாங்கினா. அத மட்டும்தான் வாங்கினா. முன்னால மாட்ட ஒண்ணும் வாங்கல. ஏளா, ஒனக்கு கண்ணு பிடரியிலயா இருக்குன்னு கேட்டேன். அவ அத மடியில முடிஞ்சுக்கிட்டா. அவ எப்பவும் அப்பிடித்தான், ஒரு வார்த்தைக்கு மறுவார்த்தை பேச மாட்டா. எனக்கு அதுவும் புடிக்காது.

மறுநாளுலருந்து பாத்தா, அவ எம் பின்னாலயே வாறா. என் முந்நூத்தம்பது ரூவா வெளிச்சத்துல. நான் வலது பக்கம் ஒடிச்சா அவளும் வலது, நான் பள்ளத்துல எறங்கி ஏறினா அவளும் எறங்கி ஏறுறா. நாலு அடி தள்ளி, செயின் சத்தம் கிரீச் கிரீச்சுன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். நான் வேகமா மிதிச்சா "யக்கா மெல்ல"ம்பா. வெளிச்சம் என்னுது, சார்ஜ் என் வீட்டுக் கரண்டு, உப்பு அண்டாம இருக்க லைட்டுக்குப் பாலிதீன் பை கட்டுறது நானு. இவளுக்கு ஒரு செலவும் இல்ல, ஒரு கவலையும் இல்ல. பின்னால ஒரு செவப்ப மினுக்கிக்கிட்டு அலங்காரமா வாறா. மொத மாசம் பொறுத்துக்கிட்டேன். ரெண்டாவது மாசமும் பொறுத்துக்கிட்டேன். நானும் மனுஷிதான தாயி.

சித்திரையில ஒரு நாளு என்னாச்சு, இந்துமதி ராத்திரி எங்க லைட்டு வயரப் புடுங்கி போனுக்குப் போட்டுட்டா. எனக்குத் தெரியாது. பாதி ரோட்டுல லைட்டு மங்கி மங்கி அணைஞ்சே போச்சு. இருட்டுன்னா இருட்டு, எங் கையே எனக்குத் தெரியல. தோண்டிப் போட்ட பள்ளம் எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியல. ரெண்டு பேரும் எறங்கி உருட்டிக்கிட்டே போனோம். எஸ்தரு அப்பவும் எம் பின்னாலதான் வந்தா. அளத்துக்குப் போனா மணி அஞ்சேகால். கணக்கப்பிள்ளை நோட்டக் கக்கத்துல வச்சிக்கிட்டுத் தலைய ஆட்டிட்டாரு. அன்னிக்கு வேலை போச்சு.

எனக்கு ஆத்திரம் தாங்கல. மறுநாளு டீக்குடிக்க உக்காந்த எடத்துல, பத்துப் பதினஞ்சு பேரு இருக்கும்போது சொன்னேன். "ஒருத்தி ஓசி வெளிச்சத்துலயே மூணு மாசமா வேலைக்கு வாறா, ஒரு நாளு வெளிச்சம் இல்லன்னா நம்ம பேரும் சேந்து போகுது"ன்னேன். எல்லாரும் அவளப் பாத்தாளுவ. எனக்குக் கொஞ்சம் சந்தோசமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல.

எஸ்தரு டீ டம்ளர கீழ வச்சா. மொகம் செவந்துட்டு. மெதுவாத்தான் சொன்னா. "யக்கா, ரெண்டு பேரும் சேந்துதான போறோம், முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணு போதும்னு நெனச்சேன். தப்புதான். நாளையிலருந்து நான் தனியா வாறேன்."

பாத்தியா, எப்பிடிப் பேசுறா பாத்தியா. முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணாம். அவ வாங்குன தொண்ணூறும் நான் வாங்குன முந்நூத்தம்பதும் ஒண்ணாம். எனக்கு அன்னிக்கு அப்பிடித்தான் தெரிஞ்சுது. போளா, தாராளமாத் தனியா வான்னேன்.

மறுநாளுலருந்து நான் தனியாப் போனேன். நாலு மணிக்கு அவ வீட்டு முன்னால நின்னு பெல்லு அடிக்கிறது வழக்கம், அத அடிக்காமப் போனேன். ராணி மாதிரிப் போகலாம்னு நெனச்சேன், வெளிச்சம் பூரா எனக்கே. ஆனா அந்த வாரத்துலருந்து இந்த லாரிக்காரனுவளுக்கு என்ன புடிச்சுதுன்னு தெரியல. மூணு மாசமா அதே ரோட்டுலதான் போறோம். ஒரு லாரி கிட்ட வந்தது கெடையாது, தள்ளி வெலகிப் போவானுவ. இப்ப எல்லாவனும் எங் கையத் தொட்டுக்கிட்டுப் போறான். மொத நாளே ஒருத்தன் காதுகிட்ட ஹாரன் அடிச்சான் பாரு, சைக்கிளே ஒரு ஆட்டம் ஆடிட்டு. மூணாவது நாளு ஒரு லாரி உரசுன வேகத்துல முந்தானை பறந்து மூஞ்சியில விழுந்துட்டு. சைக்கிள மண்ணுல எறக்கிட்டேன், முன்சக்கரம் பள்ளத்து வெளிம்புல போய் நின்னுச்சு. அங்கனயே ஒரு பத்து நிமிசம் நின்னேன்.

கணக்கப்பிள்ளைகிட்டச் சொன்னேன், லாரி நம்பரு எழுதி போலீஸ்ல குடுக்கணும்னு. நம்பரு என்னன்னாரு. நான் எங்க பாத்தேன்? என் லைட்டு முன்னாலல்லா அடிக்குது. அவரு பேனாவ மூடினாரு. "எஸ்தரு இப்ப ஒங்கூட வாறதில்லையா?"ன்னு கேட்டாரு. இவருக்கு எதுக்கு இந்தக் கேள்வின்னு நெனச்சேன்.

எஸ்தரு தெனமும் எனக்கு அஞ்சு நிமிசம் பிந்தித்தான் வந்து சேருவா. அது என்ன கணக்கு, தெனமும் சரியா அஞ்சு நிமிசம்? தூங்கி எந்திரிக்க லேட்டாகுதுபோல, நான் பெல்லு அடிக்காததால இப்பிடின்னு நெனச்சுக்கிட்டேன். எப்பிடி வாறா, என்ன வெளிச்சத்துல வாறான்னு எனக்கு என்ன? ரெண்டு நாளு ரோட்டுல நின்னு திரும்பிப் பாத்தேன், பொய் சொல்லல. ஒண்ணும் தெரியல. இருட்டுதான். செயின் சத்தம் மட்டும் எங்கேயோ கேக்குற மாதிரி இருந்துச்சு, பிரமைன்னு விட்டுட்டேன். அந்தச் செவப்பு பின்னாலதான தெரியும், முன்னால போறவ திரும்பிப் பாத்தா எப்பிடித் தெரியும்?

எங்க வந்துருக்கு? ரயில்வே கேட்டா. அடச்சுட்டானுவளா. நல்லது, கொஞ்ச நேரம் நிக்கட்டும்.

அன்னிக்கு வைகாசி, அம்மாவாசைக்கு மறுநாளு. கேளு. நான் மெயின் ரோட்டுல பாதி வந்துட்டேன். எதுக்க தூரத்துல ஒரு பஸ்ஸு வருது, ரெண்டு லைட்டையும் தூக்கிப் போட்டுக்கிட்டு வாறான், எனக்கே கண்ணு கூசுது. அதே நேரம் பின்னாலருந்து லாரிச் சத்தம். தரை அதிருது. ஒதுங்க எடம் கெடையாது, எடது பக்கம் தோண்டுன பள்ளம், ஆள் ஒசரத்துக்கு. ஹேண்டில இறுக்கிப் புடிச்சுக்கிட்டு மிதிக்கேன். சத்தம் கொறையல. கிட்ட வருது, கிட்ட வருது. எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு, இவன் என்ன அடிக்கப் போறான்னு. முருகா, எம் புள்ளைக்கு யாரு இருக்கான்னு வாய்விட்டுச் சொல்லிட்டேன்.

பெறவு பிரேக்குச் சத்தம். அப்பிடி ஒரு சத்தத்த நான் கேட்டதில்ல. டயர் கருகுற நாத்தம். நடுவுல ஒரு சின்னச் சத்தம், தகரத்த மிதிச்ச மாதிரி. நான் சைக்கிளோட மண்ணுல விழுந்துட்டேன். நிமிந்து பாத்தா லாரி மூக்கு என் பின்சக்கரத்துக்கு ஒரு கை தூரத்துல நிக்குது. எனக்கு முழங்கையில தோலு போனதத் தவுர ஒண்ணும் இல்ல.

எறங்கி வந்த டிரைவரு மீச நரைச்ச மனுஷன். என்னப் பாத்ததும் பேய் அடிச்ச மாதிரி நின்னுட்டாரு. "நீ எங்கருந்தும்மா வந்த? நான் அடிச்சது பின்னாலல்லா"ன்னாரு. அடிச்சது யாருன்னு எனக்குப் புரியல. அப்பதான் பள்ளத்துக்குள்ளருந்து சத்தம் வந்துச்சு.

நான் லைட்டக் கழட்டிக்கிட்டு ஓடினேன். பள்ளத்துக்குள்ள அடிச்சுப் பாத்தேன். எஸ்தரு கெடக்கா. ஒரு காலு போகக்கூடாத பக்கம் போயிருக்கு. கையில ஒரு பழைய பட்டன் போனு, அதுல லைட்டுகூடக் கெடையாது. தெனமும் என் வெளிச்சத்த தூரத்துல வச்சுப் பாத்துக்கிட்டே, அந்த இருட்டுல, எம் பின்னாலயே வந்துருக்கா. அஞ்சு நிமிசம் பிந்தி வந்ததெல்லாம் நான் போய்ச் சேருற வரைக்கும் மண்ரோட்டு முக்குல நின்னுட்டு வந்தது. இதெல்லாம் பெறவு அவ புருசன் சொல்லி, அளத்துல உள்ளவளுவ சொல்லித் தெரிஞ்சுது. அப்போ எனக்கு ஒண்ணும் தெரியாது.

அவ என்னப் பாத்தா. என்ன கேட்டா தெரியுமா? "யக்கா, ஒனக்கு ஒண்ணும் ஆகலியே?"ன்னு கேட்டா.

நான் என்ன சொன்னேன்னு கேளு. இத நான் யாருகிட்டயும் சொல்லல. "ஒன்ன யாருளா எம் பின்னால வரச் சொன்னா?"ன்னு கத்தினேன். அவ காலு அப்பிடிக் கெடக்கு, நான் மேல நின்னு கத்துறேன். பயத்துல கத்தினேன் தாயி. பயத்துல எனக்குக் கோவம்தான் வரும். அவளுக்குத் தெரியுமா அது? கண்ண மூடிக்கிட்டா. ஆம்புலன்ஸு வர்ற வரைக்கும் தொறக்கல.

போலீஸு வந்ததும் அந்த டிரைவரு ஓடாம நின்னு எல்லாத்தையும் சொன்னாரு. எதுக்க வந்த பஸ்ஸு வெளிச்சத்துல கண்ணு கட்டிப் போச்சு, ரோட்டுல ஒரு செவப்பு மட்டும் மினுங்குச்சு, அதப் பாத்துத்தான் பிரேக்குல ஏறி நின்னேன், லாரி வாலு சுத்தி அந்தம்மாவத் தட்டிட்டு, அதுக்கு முன்னால இன்னொரு அம்மா போறது எனக்குத் தெரியவே தெரியாது சார்னு அழுதாரு. எனக்கு வந்துச்சே கோவம். என்னத் தெரியலயாம். முந்நூத்தம்பது ரூவா லைட்டு, ரோடு பூரா பகல் மாதிரி அடிக்குது, என்னத் தெரியலயாம். தொண்ணூறு ரூவா செவப்பு மட்டும் தெரிஞ்சுதாம். பொய் சொல்றாருன்னு போலீஸுகிட்டயே சொன்னேன். அளத்துல சொன்னேன், தெருவுல சொன்னேன், ரேசன் கடையில சொன்னேன். எல்லாரும் என்னப் பாத்துட்டு வேற பக்கம் பாத்தாங்க. எம் மககூட சோத்துத் தட்டப் பாத்துக்கிட்டே இருந்தா.

கேட்டு தொறந்தாச்சு. போகுது.

நாலு நாளைக்கு முன்ன, சாயங்காலம் ஏழரை மணி இருக்கும், தெருவுல கரண்டு போச்சு. நான் வாசல்ல உக்காந்துருந்தேன். எனக்கு என்ன தோணுச்சோ, இந்துமதியக் கூப்புட்டேன். சைக்கிள எடுத்து, லைட்டப் போட்டுக்கிட்டு ரேசன் கடை வரைக்கும் போயிட்டு வாளான்னேன். எதுக்கும்மான்னா. போன்னா போன்னேன். அந்த டிரைவரு சொன்னது பொய்யின்னு எங் கண்ணால பாத்துரணும், அவ்வளவுதான்.

அவ ஏறி மிதிச்சா. லைட்டு நல்லாத்தான் எரிஞ்சுது. ரெண்டு வீடு தாண்டுற வரைக்கும் முதுகு தெரிஞ்சுது. பெறவு இல்ல. தூரத்துல தரையில ஒரு வெள்ளைத் துண்டு மட்டும் போகுது, அது யாரு வெளிச்சம்னே தெரியல. எம் புள்ளையக் காணல. பத்து மாசம் சொமந்த புள்ள, ஆறடி தள்ளி அவ பேசுனா எனக்கு அவ மூச்சு தெரியும், அந்தத் தெருவுல அவளக் காணல. இருட்டு முழுங்கிட்டு. இந்து, இந்துன்னு கத்திக்கிட்டே ஓடினேன். செருப்பு ஒண்ணு போச்சு. அவ பயந்து எறங்கி நிக்கா, நான் போய்க் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுறேன். தெருவே வெளிய வந்துட்டு.

இந்துமதி ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. "நீ தனியாப் போன அன்னிக்கே எனக்குத் தெரியும்மா. ஒங்கம்மா பின்னாலயேதான் நான் போவேன், நீ பயப்படாதன்னு எஸ்தர் சித்தி எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனா"ன்னா.

தாயி, எஸ்தரு தம்பியும் அதே மெயின் ரோட்டுலதான் அடிபட்டுச் செத்தான். ஆறு வருசம் ஆகுது. சைக்கிள்ல மில்லு விட்டு வந்த பையன், ஒரு வண்டிக்காரன் பின்னாலருந்து வந்து அடிச்சுட்டான். நானும் சாவுக்குப் போயிருந்தேன், அவகூட உக்காந்து அழுதேன். அந்தக் கடையில அவ செவப்ப அமுக்கி அமுக்கிப் பாத்துக்கிட்டு நின்னப்ப எனக்கு அந்தப் பையன் ஞாவகம் வரல. மூணு மாசத்துல ஒரு நாளும் வரல. சைக்கிள் ஓடுது, வெளிச்சம் முன்னால விழுது, எனக்கு அதுலயே கண்ணு.

நான் ஓசின்னேன். பத்துப் பதினஞ்சு பேரு முன்னால ஓசின்னேன்.

இந்தா பாரு, பையத் தொறந்து காட்டுறேன். இது என் லைட்டு. முந்நூத்தம்பது. கிளிப்போட கழட்டிக் கொண்டாந்துட்டேன், வயரும் இருக்கு, பாலிதீன் பையும் புதுசு. இது அவளோடது. லாரிக்காரரு போன பெறவு ரோட்டுல மண்ணுக்குள்ள மினுங்கிக்கிட்டுக் கெடந்துச்சு. ஒரு ஓரம் வெடிச்சுருக்கு, அமுக்குனா இன்னும் எரியுது பாரு. எடுத்து மடியில வச்சுக்கிட்டேன், யாருகிட்டயும் சொல்லல. ஏன் எடுத்தேன்னு எனக்கே அன்னிக்குத் தெரியாது.

அவகிட்டச் சொல்லணும், இந்த வெள்ளைய நீ வச்சுக்கோ, நீ முன்னால போ, இந்தச் செவப்ப நான் மாட்டிக்கிடுதேன், இனிமே பின்னால வாறது நானுன்னு. இதத்தான் மூணு நாளாச் சொல்லிப் பாத்துக்கிட்டே வாறேன். வீட்டுலருந்து கெளம்பும்போது வாய்க்கு வருது. ஆஸ்பத்திரிச் செவுரு தெரிஞ்சதும் போயிருது. அவ மறுபடி மிதிப்பாளான்னே டாக்டருக்குத் தெரியலயாம், நான் லைட்டத் தூக்கிட்டு வந்துருக்கேன். அவ வேண்டாம்னா என்ன பண்ணுவேன்? மொகத்தத் திருப்பிக்கிட்டா என்ன பண்ணுவேன்? அவ திருப்ப மாட்டா. அவ "யக்கா, வா, உக்காரு"ம்பா. அதுதான் எனக்குப் பயமா இருக்கு.

நீ ஏன் தாயி பேசாம இருக்க? நான் என்ன செஞ்சேன்னு மொதல்ல கேட்டேன்லா. அதுக்குப் பதில் சொல்ல வேண்டாம். கேட்டது கேட்டதா இருக்கட்டும்.

செவுரு வந்துட்டு. விசில் அடிக்காரு பாரு. கண்டக்டரு இந்தா இங்கதான் பாக்காரு, இன்னிக்கும் உக்காந்துருக்கேனான்னு பாக்காரு.

எந்திரி. கஞ்சியப் பத்திரமாப் புடி. எலும்பு வார்டத் தாண்டித்தான ஒங்க வார்டு? இல்லம்மா, நான் முன்னால எறங்கல. எனக்கு எடம் விட வேண்டாம். நீ முன்னால போ தாயி. நான் ஒம் பின்னாலயே வாறேன்.